பட்டிக்குள் ஒளிந்த விரிசல்



கோமுகி அணைக்கு மாணவர்களை அழைத்துச் சென்று திரும்பும் வழியில், கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டரின் டிரெய்லர் மூலை எங்கள் வேனில் உரசிவிட்டது. பின்பக்கக் கண்ணாடி இழைப் பேனலில் ஒரு சாண் நீள விரிசல். ஓட்டுநர் பட்டறையில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து வந்தார். பளபளவென்றுதான் இருந்தது! கல்வராயன் மலைச்சாலையில் நாலு முறை ஏறி இறங்கியதும் அதே கோட்டில் விரிசல் மீண்டும் தலைகாட்டியது. “பணம் போச்சு சார்” என்றார்.

போகாமல் என்ன செய்யும்? பட்டி பள்ளத்தை நிரப்பும், பாரத்தைத் தாங்காது. அந்தப் பேனலின் வலிமை அதிலுள்ள இழைகளில் இருக்கிறது. அறுந்த இழைகளுக்குப் பாலம் போடாமல் மேலே பூசுவதைப் பழுதுபார்த்தல் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். பேனலின் தடிமன் 3 மில்லிமீட்டர். உடைந்த விளிம்புகளை அப்படியே ஒட்டினால், ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் ஒட்டும் பரப்பு 0.3 சதுர சென்டிமீட்டர்தான். விளிம்பை உப்புத்தாளால் 36 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தால் அது 3.6 ஆகிறது. பன்னிரண்டு மடங்கு! அந்தச் சரிவில் கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக வைத்துப் பாலியெஸ்டர் பிசினில் நனைத்தோம். பலம் வந்தது தேய்த்ததனால்தான். பிசினை அள்ளி ஊற்றியதனால் அன்று.

ஆனால் முதலில் பொருளை அறிய வேண்டும். உடைந்த விளிம்பில் வெள்ளை நூல்கள் தெரிகின்றனவா? அப்படியானால் அது கண்ணாடி இழை. இறுகிய பிசின் மறுபடி உருகாது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பயனில்லை. பிளாஸ்டிக் குடமும் தண்ணீர்த் தொட்டியும் பெரும்பாலும் பாலித்தீன். அது உருகும், ஆனால் பிசின் அதில் பிடிக்காது, உரிந்து வந்துவிடும். உள்பக்கம் ‘பி.பி.’ என்று பொறித்திருந்தால் அது பாலிபுரொப்பிலீன். அதுவும் பிசினுக்கு மசியாது.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். விவரமறிந்த பெரியவர் உடனிருக்கட்டும். 100 கிராம் பிசினுக்கு 1 முதல் 2 கிராம் கடினமாக்கிதான் சேர்ப்பார்கள். அது பெராக்சைடு, ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். கோபால்ட் முடுக்கியை அதனுடன் நேரடியாகக் கலந்தால் வெடிக்கவும் கூடும். முதலில் பிசினில் முடுக்கியை நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகே கடினமாக்கியைச் சேர்க்க வேண்டும். கண்ணாடி, கையுறை, தூசுக்கு முகமூடி, காற்றோட்டமான இடம், இவை இல்லாவிட்டால் வேலையைத் தொடவே வேண்டாம். வெயில் காலத்தில் கலவை சீக்கிரம் இறுகும், சூடும் ஏறும். ஆகவே சிறிது சிறிதாகக் கலக்குங்கள்.

வேலை கைவந்துவிட்டதென்று அடிபட்ட ஹெல்மெட்டை மட்டும் ஒட்டிவிடாதீர்கள்! அதன் உள் நுரை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியை உறிஞ்சாது. ஓடு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடவேண்டியதுதான்.

எங்கள் வேன் அதன்பின் பலமுறை மலையேறிவிட்டது. விரிசல் வரவில்லை. பெயிண்டின் நிறம் மட்டும் சற்று ஒத்துப்போகவில்லை. ஓட்டுநருக்கு அதில் இன்னும் மனக்குறைதான்.