முள் மாறிவிட்டது, குழாய் மாறவில்லை!

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதைதான் வரும் என்று எதிர்பார்த்திருப்பார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஏற்கெனவே மூன்று பேர் எழுதிவிட்டார்களாம். ஆகவே நான் விமானத்தின் டாஷ்போர்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்! எங்கள் வீட்டில் இதுவரை யாரும் விமானத்தில் ஏறியதில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான் முதல் ஆள். இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது.

காரணம், நம் இன்ஸ்ட்ருமென்டேஷன் லேப் பீரோவில் கிடக்கும் பழைய ஆல்டிமீட்டர். எங்கிருந்து வந்தது என்று லேப் அண்ணனுக்கும் தெரியாது. உள்ளே மெல்லிய தகட்டில் செய்த அனிராய்டு கேப்சூல். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் அது உப்பும், பற்சக்கரங்கள் வழியாக முள் சுற்றும், உயரம் தெரியும். நாம் முதல் வருஷம் படித்த அதே சங்கதிதான்.

செஸ்னா 172 என்றொரு சின்ன விமானம். நாலு சீட், ஒரு எஞ்சின். 1956 முதல் 40 ஆயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதில் பைலட்டுக்கு எதிரே ஆறு வட்ட முள் கருவிகள் இருக்கும். வேகம், உயரம், ஏறி இறங்கும் வேகம் மூன்றும் காற்றழுத்தத்தில் வேலை செய்பவை. மற்ற மூன்றும் கைரோ. அவற்றில் முக்கியமானது ஆட்டிட்யூட் இண்டிகேட்டர். மேகத்துக்குள் போனதும் வானம் எது, தரை எது என்று மனுஷனுக்குத் தெரியாது. காதும் உடம்பும் பொய் சொல்லும். அப்போது இறக்கை சாய்ந்திருக்கிறதா என்று சொல்வது அந்தக் கருவிதான். அதன் கைரோவைச் சுழற்றுவது எஞ்சினோடு ஓடும் ஒரு வாக்குவம் பம்ப். அந்தப் பம்பில் உள்ள கார்பன் தகடு எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. உடைந்தாலும் கைரோ உடனே நிற்காது. மெல்ல மெல்ல வேகம் குறைந்து, முகப்பு மெதுவாகச் சாயும். விமானம் நேராகப் போகிறது, கருவி சாய்வு என்கிறது. பைலட் எதை நம்புவார்?

2000 அக்டோபரில் அமெரிக்காவில் மிசௌரி மாநில கவர்னர் மெல் கார்னஹான் பயணம் செய்த செஸ்னா 335 விமானம் இரவில், மோசமான வானிலையில் விழுந்தது. ஓட்டியவர் அவருடைய மகன். இருவரோடு இன்னொருவரும் இறந்தார். பைலட் நிலை தடுமாறியதுதான் காரணம், முதன்மை ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் பழுதானதும் வானிலையும் அதற்குத் துணை என்று விசாரணையில் முடிவு செய்தார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு, திரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார்மின் கம்பெனியின் ஜி 1000 வந்ததும் புதிய செஸ்னாக்களில் வட்டங்கள் போய் இரண்டு பெரிய திரைகள் வந்தன. பழைய விமானக்காரர்களுக்கு ரொம்ப நாள் வழியில்லை. அனுமதி வாங்குவதே பெரும்பாடு, செலவும் அதிகம். 2015-ல் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. விதியைத் தளர்த்தியது. மறு வருஷமே ஜி 5 என்ற சின்னத் திரைக்கு அனுமதி கிடைத்தது. பழைய கருவி இருந்த அதே மூன்றேகால் அங்குலத்துக்கும் குறைவான ஓட்டையில் அது உட்காரும். உள்ளே சுழலும் கைரோ கிடையாது, சிப்தான். விமானத்தில் கரண்ட் போனாலும் அதன் பேட்டரி நாலு மணி நேரம் வரை தாங்கும். தவிர, இந்தத் திரைகள் ஒரு தகவல் கெட்டால் அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுவிடும். 'என்னை நம்பாதே' என்று முள் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் என் அப்பாவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அவர் லாரி ஓட்டுகிறார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். டாஷ்போர்டில் நம்பர் போட்டு வந்தா நல்லாயிருக்குமா என்று கேட்டேன். "நம்பர் எதுக்குடா? முள்ளு எந்தப் பக்கம் போவுதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார். படிக்காதவர் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள்! கார்மின் திரையில் வேக எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு நீளும். இன்னும் ஆறு வினாடியில் வேகம் எங்கே போய் நிற்கும் என்று அது காட்டும். எங்கப்பா கேட்டது அதைத்தானே? தவிர, ஜி 1000 போட்ட செஸ்னா 172-ல் கம்பெனிக்காரர்களே வேகம், உயரம், ஆட்டிட்யூட் என்று மூன்று முள் கருவிகளைக் கீழே விட்டுவைத்தார்கள்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். வகுப்பில் ஒரு நண்பன் சொன்னான்: "மச்சி, இனிமே எல்லாம் பாக்ஸ்தான். கெட்டுப்போச்சா, கழட்டிட்டு புதுசை மாட்டு. இந்த போர்டான் டியூப், டயஃப்ரம் எல்லாம் எதுக்குடா படிக்கணும்?" அவனோடு நான் அரைமணி நேரம் சண்டை போட்டேன். அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

2010-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2002 முதல் 2006 வரை தயாரான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சின்ன விமானங்களை எடுத்து, திரை வைத்தவற்றையும் முள் வைத்தவற்றையும் ஒப்பிட்டார்கள். திரை விமானங்களுக்கு மொத்த விபத்து குறைவு. ஆனால் உயிர்ப்பலி விபத்தின் விகிதம் அதிகம்! அவை நீண்ட தூரம், மோசமான வானிலையில் பறந்தது ஒரு பக்கம். அந்தந்தத் திரைக்கென்று பைலட்டுக்குப் பயிற்சி போதவில்லை என்பது இன்னொரு பக்கம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு. இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டாட் குழாய் அடைபட்டால், முள் கருவிகளில் வேகம் மட்டும்தான் கெடும். சில திரைகளிலோ வேகத்தோடு உயரமும் ஏறும் வேகமும் சேர்ந்து மறைந்துவிடும் என்று அதில் இருந்தது. மூன்றும் ஒரே கம்ப்யூட்டர் வழியாக வருவதால் வந்த வினை!

அதாவது எத்தனை லட்சம் போட்டுத் திரை மாட்டினாலும் வேகம் தெரிவது அதே குழாயில்தான். அதில் பூச்சி கூடு கட்டினால் திரைக்கும் கண் தெரியாது. பெட்டியை மாற்றிப் புதிது போட்டாலும் அதே சிவப்புக் குறிதான் வரும். பாக்ஸ் மட்டும் தெரிந்தவன் இன்னொரு பாக்ஸ் கேட்பான். குழாய் தெரிந்தவன் குழாயைப் போய்ப் பார்ப்பான்.

ஸ்டாட்டிக் குழாயைத் திறந்து மூடினால் கசிவு சோதனை செய்யாமல் மேகத்துக்குள் பறக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. திறக்காவிட்டாலும் 24 மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். 1000 அடி உயரம் காட்டும் அளவுக்குக் காற்றை உறிஞ்சி மூடிவிட வேண்டும். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கினால் ஃபெயில். திரை வந்தும் இந்தச் சோதனை போகவில்லை. யார் செய்வது? நம்மைப் போல டிப்ளமோ படித்த ஒருவன்தானே செய்ய வேண்டும்!

என்னைக் கேட்டால், தாராளமாகத் திரைக்கு மாறட்டும். ஆனால் பைலட்டுக்கும் மெக்கானிக்குக்கும் ஆகும் பயிற்சிச் செலவையும் அந்தத் திரையின் விலையில் சேர்த்துக் கணக்குப் போடட்டும். பாடத்திட்டம் திருத்துகிறவர்கள் டயஃப்ரத்தையும் மானோமீட்டரையும் பழசு என்று தூக்கிப்போட்டுவிடாமல், அதே லேபில் ஒரு டிஜிட்டல் பிரஷர் சென்சாரையும் பக்கத்தில் வைத்தால் புண்ணியமாகப் போகும்.

சண்டை போட்ட நண்பனும் நானும் இப்போது அந்தப் பீரோ ஆல்டிமீட்டரை எடுத்து வைத்திருக்கிறோம். ரப்பர் குழாய், ஊசி போடும் சிரிஞ்ச், ஒரு கிளிப், அவ்வளவுதான் சாமான். 1000 அடிக்கு உறிஞ்சி மூடினால் ஒரு நிமிடத்தில் 300 அடி இறங்கிவிடுகிறது. கண்ணாடி வாஷரில் கசிகிறது என்கிறான் அவன். குழாய் மாட்டும் இடத்தில் என்கிறேன் நான். சனிக்கிழமை சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கப் போகிறோம்.