பன்றிக்கு வேலி, வேலிக்கு பேட்டரி

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்கு சோலார் வேலி போட்டிருக்கிறேன். விடிகாலையில் ஷாக் இல்லை, பன்றி நுழைகிறது. பேட்டரியை மாற்றவா?

அவசரப்படாதீர்கள். முதலில் பேனல் தூசியைத் துடைத்து, கம்பியில் உரசும் புல்லை வெட்டுங்கள். பாதிக் கோளாறு அங்கேதான். பிறகு பேட்டரி முனைகளிலேயே சிறு வோல்ட் மீட்டர் பொருத்துங்கள். வெயிலுக்கு முன், எனர்ஜைசரை அணைத்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. தினமும் 12-க்குக் கீழ் இறங்கினால் தகடு கெடும்.

மழை மூட்டத்தில் வீட்டு கரண்ட் சார்ஜரில் போடுவதானால், எனர்ஜைசர் ஒயரைக் கழற்றிவிட்டே போடுங்கள். சார்ஜர் பழுதானால் வீட்டு மின்சாரம் வேலிக்கே போகும். பன்றியல்ல, தண்ணீர் பாய்ச்ச வருகிற ஆள்தான் முதலில் தொடுவார். கன்ட்ரோலரில் பேட்டரியை முதலில் இணைத்து, பேனலை அப்புறம் இணையுங்கள். பிளஸ் ஒயரில், பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் இருக்கட்டும்.