இறாலும் கல்யாண ஓலையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். இறால் தொக்கு, நண்டுக் குழம்பு, சுறாப்புட்டு. காரைக்காலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இதில் ஒன்றாவது இருக்கும், அன்று மூன்றும் இருந்தன. தங்கை மகன் எதையும் தொடவில்லை. வெறும் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஏன்டா, வயிறு சரியில்லையா?" என்றேன்.

"இல்லை மாமா. வேதத்துல விலக்கியிருக்கு" என்றான்.

இரண்டு வருடமாக அவன் ஒரு புதிய சபைக்குப் போகிறான். லேவியர் 11ஆம் அதிகாரத்தில் துடுப்பும் செதிலும் இல்லாத நீர்ப்பிராணி எதுவும் தின்னத்தக்கதல்ல என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் இறால், நண்டு, கணவாய், கெளுத்தி எல்லாம் போய்விடும். சுறாவும் போய்விடும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுக்கும் ஊரில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தால் முதலில் சண்டைக்கு வருபவர்கள் பாட்டிமார்கள்தான்.

சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. அந்தச் சபையில் சேர்ந்த பிறகுதான் அவன் குடியை விட்டான். என் தங்கை இப்போது இரவில் தூங்குகிறாள். அதனால் அவன் இறாலை ஒதுக்கினால் ஒதுக்கிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அதே சாப்பாட்டில், மோர் வருவதற்குள், அவனே எழுத்தை விட்டுத் தத்துவத்துக்குத் தாவிவிட்டான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954இல் பிரெஞ்சுக்காரர் போன பிறகும் பல வருடம் இங்கே அந்தப் பள்ளிகள் நடந்தன. வகுப்பில் மொந்தெஸ்கியேவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், ஒரு சட்டத்துக்கு 'லெத்ர்' என்று ஒன்று உண்டு, 'எஸ்ப்ரி' என்று ஒன்று உண்டு என்பார். எழுத்து ஒன்று, அதன் உள்ளே இருக்கும் நோக்கம் ஒன்று. மொந்தெஸ்கியே 1748இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே அந்த எஸ்ப்ரி இருக்கிறது. அவருக்கு ஏறக்குறைய 1700 வருடம் முன்பே பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியபோது எழுத்தையும் ஆவியையும் எதிரெதிரே நிறுத்திவிட்டார். இறால் விஷயத்தில் எங்கள் கட்சி தெளிவு. யாப்பா பட்டணத்தில் பேதுருவுக்கு வந்த காட்சியும், எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடி எடுத்த முடிவும் இருக்கின்றன. ஆனால் அந்த எருசலேம் முடிவிலேயே இரத்தத்தை விலக்கச் சொல்லியிருக்கிறது. நாங்களோ ஆட்டு இரத்தப் பொரியலை விடுவதில்லை. அதைத் தங்கை மகன் கேட்டபோது என்னிடம் உடனே பதில் இல்லை. அந்தக் காலத்து யூதர்களும் மற்றவர்களும் ஒரே பந்தியில் உட்கார வழி செய்வதற்காக வந்த விதி அது, அந்தத் தேவை போனதும் விதியும் போய்விட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அதுதான் சரியான பதில் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் நோக்கத்தைச் சொல்லி எழுத்தைத் தாண்டுவது எவ்வளவு சுலபம் என்பதும் அப்போது உறைத்தது.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் ஓய்வூதியக் கோப்புகள் பார்த்தேன். ஓய்வூதியம் வாங்குபவர் வருடத்துக்கு ஒரு முறை நேரில் வந்து உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். செத்தவர் பேரில் யாரும் பணம் எடுக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி. ஒரு கிராமத்து விதவை, படுத்த படுக்கை. மகன் வந்து கெஞ்சினான். "நேரில் வர வேண்டும்" என்று விதியைக் காட்டினேன். மறுநாள் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கிடத்திக் கொண்டுவந்தார்கள். வாசல்படியில் தூக்கி ஏற்றும்போது அந்த அம்மாள் முனகியது இன்னும் காதில் இருக்கிறது. அதே வாரம் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவருடைய சான்று பியூன் கையில் வந்தது. அவர் உயிரோடு இருப்பது ஊருக்கே தெரியுமே, விதியின் நோக்கம் நிறைவேறிவிட்டதே என்று கையெழுத்துப் போட்டேன். ஒரே விதி, ஒரே பேனா. அம்மாளுக்கு லெத்ர், ஐயாவுக்கு எஸ்ப்ரி.

இதே கதை எங்கள் திருச்சபையில், எங்கள் பக்கத்திலேயே, முந்நூறு வருடத்துக்கு முன் பெரிய வழக்காக நடந்திருக்கிறது. 'மலபார் சடங்குகள்' வழக்கு என்று பேர். பேர்தான் மலபார், நடந்தது புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் தமிழர்களை மலபார் என்றே எழுதுவார்கள். தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்த நாள் முதல் சேசு சபைச் சாமியார்கள் நம் பழக்கவழக்கங்களைக் கூடியவரை அப்படியே வைத்துக்கொண்டு வேதம் போதித்தார்கள். கப்புச்சின் சாமியார்களுக்கு அது பிடிக்கவில்லை. புகார் ரோமுக்குப் போயிற்று. சீனாவுக்குப் போகும் வழியில் போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாதம் தங்கி, 1704 ஜூனில் 16 அம்சங்கள் கொண்ட ஆணையைப் போட்டுவிட்டுக் கப்பலேறினார். உடம்பு சரியில்லாமல் இருந்ததால் உள்நாட்டுக்குள் அவர் போகவே இல்லை.

அந்த ஆணையில் முதலில் நிற்பது எச்சில். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு செவிடனைத் தம் உமிழ்நீரால் தொட்டுக் குணமாக்குகிறார். அதை வைத்து, ஞானஸ்நானத்தின்போது சாமியார் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்கும் சடங்கு இருந்தது. அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் ஊரில், எச்சில் பட்ட தம்ளரைத் தனியே கவிழ்த்துவைக்கும் வீட்டில், இதைச் செய்தால் என்ன ஆகும்? சேசு சபையார் அந்த ஒன்றை விட்டுவிட்டார்கள். காதும் நாவும் திறக்க வேண்டும் என்பதுதானே நோக்கம் என்றார்கள். தூர்னோன் எச்சில் வேண்டும் என்றார். இதில் நான் சேசு சபையார் பக்கம். இன்று எங்கள் ஞானஸ்நானச் சடங்கில் எச்சில் கிடையாது. (மீன் செதில் இல்லாமலும் தின்னத்தக்கது என்று நாங்கள் காட்டும் ஆதாரங்களில் ஒன்றும் அதே மாற்கு 7தான். ஒரே அதிகாரத்தை ஒருவர் எழுத்துக்கும் ஒருவர் தத்துவத்துக்கும் இழுக்கலாம்.)

இன்னொன்று, மாதவிலக்கான பெண்களைக் கோவிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் ஒதுக்கக் கூடாது என்றது அந்த ஆணை. லேவியர் 15ஆம் அதிகாரத்தின் எழுத்தும் நம் ஊர் வழக்கமும் கைகோத்துக்கொண்ட இடம் அது. எங்கள் அம்மா 1960களில்கூட அந்த நாட்களில் பூசைக்குப் போகமாட்டார்கள். 1704இலேயே இது தீர்ந்துபோன விஷயம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஆணையில் என்னை நிறுத்திய அம்சம் வேறு. சாகக் கிடக்கும் பறையர் கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள் சாமியார் போய் அவஸ்தைபூசுதல் கொடுக்க வேண்டும், மறுக்கக் கூடாது என்றது அது. அதுவரை நோயாளியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். சேரிக்குள் போன சாமியாரை மற்ற சாதியார் வீட்டில் சேர்க்கமாட்டார்கள், நூறு பேர் வேதத்தை இழப்பார்கள், ஆத்துமாக்களின் பெரிய நன்மைதானே முக்கியம் என்பது சேசு சபையாரின் வாதம். நோக்கம், தத்துவம், எஸ்ப்ரி! வழக்கு நாற்பது வருடம் இழுத்து, 1744இல் 14ஆம் ஆசீர்வாதப்பர் முடிவு சொன்னார். பறையர்களுக்கென்று தனிச் சாமியார்கள் என்ற ஏற்பாட்டை அதில் ஏற்றுக்கொண்டார். எங்கள் ஆபீசில் இதைத்தான் 'இணக்கமான தீர்வு' என்று எழுதுவோம்.

அந்த மாட்டுவண்டி அம்மாளை நான் மறந்திருந்தேன். இந்த அம்சத்தைப் படித்தபோது திரும்பி வந்தார்.

மறு வருடமே, 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அவர் இந்து, வேடிக்கை பார்த்து எழுதுகிறார். புதுச்சேரிக் கோவிலுக்குள் வடபுறம் ஒரு சுவர். அந்தப் பக்கம் பறையர், இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். காரைக்காலிலிருந்து ஒரு சாமியார் அங்கே போகிறார். ஆம், நம் ஊர்ச் சாமியார்தான். சேரிக் கிறிஸ்தவர்களைக் கூப்பிட்டு, பெரிய சாமியாரிடம் போய் நியாயம் கேளுங்கள் என்று தூண்டிவிடுகிறார். அவர்களும் போய், உம்முடைய சீடர்களில் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்றா என்று கேட்கிறார்கள். பெரிய சாமியாருக்கு மறுக்க வழியில்லை. சுவரை இடிக்கச் சொல்கிறார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதிக்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள். துய்ப்ளெக்ஸ் ஆள் அனுப்பிக் கூட்டம் கூடக் கூடாது என்கிறார்.

காரைக்காலில் எதற்கெல்லாமோ பெருமை பேசுகிறோம். இந்தப் பெயர் தெரியாத சாமியாரைப் பற்றி நான் ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

சுவர் அத்தோடு போகவில்லை என்பது நமக்குத் தெரியும். வடக்கன்குளத்தில் கால்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்தே கோவில் கட்டினார்கள், ஒரு காலில் வேளாளர், ஒரு காலில் நாடார். கௌசானல் சாமியார் 1910இல் நடுத்தடுப்பை இடித்தார். தடுப்பு எங்கள் உரிமை என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் தோற்றார்கள். ஆனால் பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றும் இரண்டு.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் வேதத்தின் எழுத்து கண்ணாடி மாதிரி இருக்கிறது. யாக்கோபு திருமுகம் 2ஆம் அதிகாரம். பொன் மோதிரம் போட்டவன் கோவிலுக்குள் வந்தால் நல்ல இடம், அழுக்குத் துணிக்காரன் வந்தால் கீழே உட்கார் என்பீர்களானால், நீங்கள் செய்வது பாவம் என்கிறது. வியாக்கியானமே தேவையில்லை. இதை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடிப்போம் என்று ஒரு சபையும் பேர் வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

என் கருத்து இதுதான். எழுத்தா தத்துவமா என்று கேட்பதற்கு முன், எழுத்தைத் தளர்த்தினால் யாருக்குச் சௌகரியம் என்று கேட்க வேண்டும். இயேசு ஓய்வுநாள் விதியைத் தளர்த்தினார், கை சூம்பியவனுக்காக. தாவீது தேவசமுகத்து அப்பத்தைத் தின்றதை நியாயம் என்றார், பசிக்காக. மனைவியைத் தள்ளிவிடும் விஷயத்தில் மட்டும் மோசே கொடுத்த சலுகையை எடுத்துவிட்டு விதியை இறுக்கினார். அங்கே தளர்ச்சியால் தெருவுக்கு வந்தவள் பெண். தளர்த்தினாலும் இறுக்கினாலும் அவர் ஒரே பக்கம்தான் நின்றார். நாம் நோக்கம் நோக்கம் என்று சொல்லித் தளர்த்தியதெல்லாம் பெரும்பாலும் மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்காக.

இப்போது மோர் பரிமாறிய கட்டத்துக்கு வருகிறேன். என் தம்பி மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்வேன் என்கிறாள். எங்கள் பங்குதான். சின்ன வயதில் பீடத்தில் பூசைக்கு உதவி செய்த பையன். வீடு காலனியில். அதனால் தம்பி மூன்று மாதமாகப் பேசாமல் இருக்கிறான். எங்கள் குடும்பம் அந்தச் சுவருக்குத் தென்புறம் உட்கார்ந்த ரகம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தங்கை மகன் மோரை ஊற்றிக்கொண்டே, "மாட்டையும் கழுதையையும் ஒரே ஏர்ல பூட்டக் கூடாதுன்னு உபாகமம் 22ல இருக்கு மாமா" என்றான்.

"அது உழவுக்குச் சொன்னதுடா. இவர்கள் இரண்டு பேரும் வங்கியில் வேலை பார்க்கிறார்கள்."

"எழுத்தா எடுக்காதீங்க மாமா. அதுக்கு உள்ள இருக்கிற தத்துவத்தைப் பாருங்க."

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. சற்று முன்பு இறாலில் எழுத்தைப் பிடித்தவன் அவன்தான். நான் யாக்கோபு 2ஐச் சொன்னேன். அது கோவிலுக்குள் உட்காருவதைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி இல்லை என்றான். அங்கே மறுபடி எழுத்து! என் தங்கை சட்டியோடு வந்து, "இறாலுக்கு ஒரு வேதம், என் மருமகளுக்கு ஒரு வேதமா?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்ட பையன் இல்லை. என்னைப் போலத்தான், ஒரே பேனாவை வைத்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் தம்பியிடம் போனேன். வாதம் எதுவும் செய்யவில்லை. அந்த மாட்டுவண்டிக் கதையை முதல் முறையாக அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான். சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓலை எழுதக் கொடுக்க வேண்டிய ஞானஸ்நானச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று மனைவியைக் கேட்டானாம், அவள் எனக்குப் போன் செய்தாள்.

முதல் ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறார்கள். தங்கை அன்றைக்கும் இறால்தான் வைக்கப்போகிறாளாம், மகனுக்காகத் தனியே கொஞ்சம் வஞ்சிரம்.