பாலாற்றங்கரைப் பள்ளியில் சமூக அறிவியல்

கணிதம் கற்பிக்கக் கணிதம் பயின்றவர் வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க ஆங்கிலம் அறிந்தவர் வேண்டும். சமூக அறிவியலை மட்டும் எவரும் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் நம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. மாணவர் ஒருவர் பாடநூலை உரக்கப் படிக்க, ஏனையோர் விடைகளுக்கு அடிக்கோடிட, பாடம் முடிந்துவிடுகின்றது. இந்நிலை மாற வேண்டுமாயின், ஆசிரியரை ஆயத்தப்படுத்தும் முறை முதற்கண் மாற வேண்டும் என்பது நம் கருத்து.

இன்றைய முறையைச் சிறிது நோக்குவோம். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. நம் பகுதிக்கு இராணிப்பேட்டையில் அத்தகைய நிறுவனம் அமைந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தபின், 2012 முதல் தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு நடத்தப்பெறுகின்றது. அதன் முதல் தாளில் 150 மதிப்பெண்களுள் சூழ்நிலையியலுக்கு உரியவை 30. அதனுள்ளும் அறிவியலோடு சமூக அறிவியல் இடம் பகிர்ந்துகொள்கின்றது. இரண்டாம் தாளில் சமூக அறிவியலைத் தேர்பவர்க்கு 60 மதிப்பெண்கள் உண்டு. எனினும் வினாக்கள் யாவும் தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்வனவே. ஆண்டும் பெயரும் அறிந்தவர் வெற்றி பெறலாம். அவ்வாண்டில் நிகழ்ந்தது ஏன் நிகழ்ந்தது எனப் பத்து வயதுப் பிள்ளையைச் சிந்திக்கச் செய்யும் திறம் அங்கு அளக்கப்படுவதில்லை.

2025 செப்டம்பர் 1ஆம் நாள், பணியிலுள்ள ஆசிரியர்க்கும் இத்தேர்வு வேண்டும் எனத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய வினாவைப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. தேர்வு நம் பள்ளிகளைக் கட்டுமா, கட்டாதா என்பது வழக்கறிஞர் பேசவேண்டிய செய்தி. கட்டினும் கட்டாவிடினும், நம் பிள்ளைகளுக்குச் சமூகத்தை விளக்க வல்ல ஆசிரியரை உருவாக்கும் கடமை நம்மைக் கட்டுகின்றது.

அத்தகைய ஆசிரியர்க்கு வேண்டிய பயிற்சி யாது? தம் ஊரையே சான்றாகக் கொண்டு கற்பிக்கும் பயிற்சி எனலாம். 1751இல் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றினார் என்பது பாடநூற் செய்தி. ஆற்காட்டுப் பிள்ளையோ பாலாற்றங்கரையில் நிற்கும் தில்லி வாயிலைக் கண்டு வளர்பவன். முகம்மது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் எழுந்த உரிமைப் போட்டியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஏன் புகுந்தனர்? கடன்பட்ட நவாபின் நாடு 1801இல் கும்பினியாரின் ஆட்சிக்குள் எவ்வாறு சென்றது? அக்கடனுக்காக வரி செலுத்தியோர் யாவர்? இவ்வாறு வினவத் தெரிந்த ஆசிரியர் கையில் அந்த வாயில் ஒரு பாடநூலாகும்.

1806 சூலை 10ஆம் நாள் எழுந்த வேலூர்ப் புரட்சியும் அத்தகையதே. புதிய தலைப்பாகையை அணிக, தாடியை மழிக்க, நெற்றிக் குறியை நீக்குக என்ற ஆணைகளை இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஒருங்கே எதிர்த்தனர். அதனை அடக்கிய கில்லெஸ்பியின் குதிரைப்படை ஆற்காட்டிலிருந்தே விரைந்தது. வென்றவர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டே நாம் அந்நாளைப் பெரிதும் அறிகின்றோம். ஒரு சிப்பாயின் மனைவி எழுதியிருப்பின் அது எவ்வாறு அமைந்திருக்கும் என வகுப்பில் கேட்கலாம். செய்தியை ஆராயாது ஏற்கும் வரலாற்றாசிரியரை 14ஆம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் கண்டித்தார். அவ்வறிவு மரபுக்கு உரிய நாம், பிள்ளைகளுக்கு மனப்பாடத்தை மட்டும் வழங்குதல் முறையாகுமா?

இவை கடந்த காலத்தன. ஆசிரியரின் உண்மையான தேர்வு நிகழ்காலமே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் வாழும் ஊர்கள் நம்முடையவை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. அவ்வழக்கு இந்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் பாடமாயிற்று. நம் நடுநிலைப் பள்ளிகளில் ஆயிற்றா? 2015 சனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். 2025 சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

நம் வகுப்பறையில் டேனரியில் கூலி பெறுபவரின் மகளும், தோல் வணிகரின் மகனும், கிணற்று நீர் கெட்டு நிலத்தைத் தரிசாக விட்ட உழவரின் பேரனும் ஒரே பலகையில் அமர்கின்றனர். ஆசிரியர் வாய் திறவாது கடந்துவிடலாம். அல்லது ஒரு சாராரைக் குற்றவாளியாக்கலாம். இரண்டுமே எளியவை; இரண்டுமே கல்விக்குப் பொருந்தாதவை. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமியம் பெருகியது எவ்வாறு, பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எவ்வாறு இயங்குகின்றது, கூலிக்கும் குடிநீருக்கும் ஒருசேர வழி காண்பது எங்ஙனம் என மூன்று பிள்ளைகளும் கூடி ஆராயச் செய்பவரே சமூக அறிவியல் ஆசிரியர். அத்திறம் இயல்பாக வாய்ப்பதன்று, பயிற்சியால் வருவது.

சிறுவர்க்கு இவை சுமையல்லவா, பாடத்திட்டத்தை முடிக்கக் காலம் வேண்டாவா எனச் சிலர் வினவலாம். ஆண்டிற்கு ஓர் அலகு உள்ளூரைப் பற்றியதாக அமைந்தால் போதும். குடிநீருக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைக்குத் தண்ணீரைப் பற்றிய பேச்சு சுமையாகாது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. பயிற்சி நிறுவனங்கள், ஒவ்வொரு பயிற்சி மாணவரும் தம் ஊர் பற்றிய ஒரு பாட அலகைத் தாமே ஆக்கிக் கற்பித்துக் காட்டுதலைக் கட்டாயமாக்குக. எம்மனைய தமிழ்த்துறையினர், ஊர்ப்பெயர் ஆய்வையும் முதியோரின் வாய்மொழி வரலாற்றையும் எளிய தமிழில் தொகுத்து அவர்க்கு உதவுக. ஆற்காடு என்பது ஆறு காடுகளா, ஆத்தி மரக் காடா என்ற ஆய்வே ஐந்தாம் வகுப்புக்கு ஒரு நல்ல தொடக்கம். மூன்றாவது வேண்டுகோள் நம் சமுதாயப் பெரியோர்க்கு. தோல் வணிகரான வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் மேல்விசாரத்தில் 1965இல் கல்லூரி எழுந்தது. தோல் தந்த செல்வம் இவ்வட்டாரத்தில் கல்வியாக மலர்ந்தமைக்கு அஃது ஒரு சான்று. அச்செல்வத்தால் எழுந்த வகுப்பறையில், அத்தொழிலின் நன்மையையும் தீமையையும் அச்சமின்றி எடுத்துரைக்கும் உரிமையை ஆசிரியர்க்கு அளித்தருள்க. பள்ளி கட்டித் தந்த அறத்தின் நிறைவு அதுவே ஆகும்.