எதனால் வகுப்பது? போட்டித் தேர்வின் புள்ளியியலும் நம் கணக்கும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து விழுகிறது: “கணக்கு நமக்கு வராது.” அரசியலமைப்பின் கூறுகளை எண் பிசகாமல் ஒப்பிக்கும் ஒருவர், கணிதப் பகுதியைக் கடைசி வாரத்திற்குத் தள்ளிவைத்துத் தேர்வறையில் அதைக் கைவிட்டு வருகிறார். இந்த அச்சம் பிறவியில் வந்ததன்று. கணித ஆசிரியர் இல்லாமல் கழிந்த ஆண்டுகளும், கரும்பலகைக்கு ஒருநாளும் அழைக்கப்படாத கடைசி வரிசையும் தந்தது. ஆனால் அதன் விலையை இன்று நாம்தான் கொடுக்கிறோம்.

ஒன்றிய அரசுப் பணிகளுக்கான ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வையே எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தின் 100 வினாக்களில் 25 கணிதம். இரண்டாம் கட்டத்தில் 30 கணித வினாக்கள். வினாவுக்கு 3 மதிப்பெண் வீதம் 90. சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம், எளிய நிகழ்தகவு, வரைபடங்களையும் அட்டவணைகளையும் படித்தறிதல் ஆகியவை இரண்டாம் கட்டப் பாடத்திட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. கணிதத்தின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் புள்ளியியல் சிறிய பகுதி. அதற்கெனத் தனிப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வேண்டிய தேவை இல்லை என்பதே எம் கருத்து. தமிழ்நாட்டின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூல்களின் புள்ளியியல், நிகழ்தகவு இயல்களை எடுத்துக்காட்டுகளோடு போட்டுப் பார்த்தவருக்கு அடித்தளம் அமைந்துவிடும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை சிலவே. எல்லா எண்களோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் சராசரி நகரும், திட்ட விலக்கம் நகராது. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் இரண்டுமே இரு மடங்காகும். முதல் n இயல் எண்களின் விலக்க வர்க்கச் சராசரி, n இன் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்துப் பன்னிரண்டால் வகுத்தது. முதல் பத்து எண்களுக்கு 8.25. தடை வேறிடத்தில் இருக்கிறது. மேற்சொன்ன தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. இடைநிலை அளவைத் தமிழில் தெளிவாகக் கற்ற மாணவர் ‘மீடியன்’ என்ற சொல்லின் முன் தயங்கி நிற்கிறார். தமிழ்க் கலைச்சொல்லையும் ஆங்கிலக் கலைச்சொல்லையும் எதிரெதிரே எழுதிய ஒரு தாள் சுவரில் இருக்கட்டும். அந்தச் சொற்கள் முப்பதைத் தாண்டா.

சூத்திரம் தெரிந்தும் வினாவில் சறுக்குபவர்கள் பெரும்பாலும் பொருளைப் பிடிக்காதவர்கள். அதற்கு மருந்து, நமக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து எண்களை எடுப்பது. ஓர் ஊரில் பத்துக் குடும்பங்கள் என்று கொள்வோம். ஒன்பது குடும்பங்களிடம் தலா அரை ஏக்கர். பத்தாவது குடும்பத்திடம் 45.5 ஏக்கர். மொத்தம் 50 ஏக்கர், சராசரி 5 ஏக்கர். அந்த ஊரில் 5 ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. இடைநிலை அளவு அரை ஏக்கர், முகடும் அரை ஏக்கர். விளிம்பில் நிற்கும் ஒரு பெரிய எண் சராசரியை மட்டும் தன் பக்கம் இழுத்துச் செல்லும் என்பதை ஊர்த்தெருவும் சேரியும் அறிந்த ஒருவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து நிறையிட்ட சராசரி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பட்டியலினத்தவரின் எழுத்தறிவு 73.26 விழுக்காடு. இடைவெளி 6.83 புள்ளிகள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் 80.09 என்ற எண்ணுக்குள் நாமும் இருக்கிறோம். மாநில மக்கள்தொகையில் பட்டியலினத்தவர் 20 விழுக்காடு. நூறு பேரில் எழுத்தறிந்தோர் 80.09 என்றால், நம் இருபது பேரின் பங்கு 14.65, எஞ்சிய 65.44 மற்ற எண்பது பேருடையது. அவர்களின் எழுத்தறிவு 81.8 விழுக்காடு. உண்மையான இடைவெளி எட்டரைப் புள்ளிகள். (எழுத்தறிவு ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்கே கணக்கிடப்படுவதால் விடை சிறிது மாறலாம்; திசை மாறாது.) பகுதியை முழுமையோடு ஒப்பிட்டால் வேறுபாடு சுருங்கித் தெரியும். தேர்வில் ‘இரு பிரிவுகளின் சராசரி’ என்று வரும் கணக்கு இதுவேதான்.

இதே எண்களில் இன்னொரு வினாவும் ஒளிந்திருக்கிறது. 2001இல் பட்டியலினத்தவரின் எழுத்தறிவு 63.19. பத்தாண்டில் ஏறியது 10.07 விழுக்காட்டுப் புள்ளி. விழுக்காட்டில் சொன்னால் ஏறத்தாழ 16. இவ்விரண்டையும் குழப்பும் மாணவரைப் பிடிப்பதற்கென்றே விடைத் தெரிவுகளில் இரண்டு எண்களையும் வைப்பார்கள். இன்னொன்று: 2001இல் மாநிலம் முழுமைக்குமான எழுத்தறிவு 73.45. அந்த அளவைப் பத்தாண்டுகள் கழித்தும் நாம் எட்டவில்லை.

விழுக்காட்டுக்குள் விழுக்காடு வரும் கணக்குக்கு 2009ஆம் ஆண்டின் அருந்ததியர் உள்ஒதுக்கீட்டுச் சட்டத்தைப் பார்க்கலாம். பட்டியலினத்தவருக்கான 18 விழுக்காட்டில் 16 விழுக்காடு என்பதே சட்டத்தின் கணக்கு. பெருக்கினால் 2.88. மேடைகளில் மூன்று என்கிறோம்.

குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். பட்டியலினத்தவருக்கு எதிரான குற்றங்களாக 2021இல் 50,900 வழக்குகளும் 2022இல் 57,582 வழக்குகளும் பதிவாயின. உயர்வு 13.1 விழுக்காடு. குற்ற வீதம், அதாவது ஒரு லட்சம் பட்டியலின மக்களுக்கு எத்தனை வழக்கு என்பது, 2022இல் 28.6. எதனால் வகுத்தார்கள்? 2011இன் மக்கள்தொகையான 20.14 கோடியால். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால், பகுதி அப்படியே உறைந்து நிற்கிறது. தொகுதி மட்டும் ஆண்டுதோறும் மாறுகிறது. அந்தத் தொகுதியிலும் இருப்பவை பதிவான வழக்குகள் மட்டுமே. காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் அந்த மாநிலத்தின் வீதம் குறைந்து அழகாகத் தெரியும். ‘இத்தரவுகளைக் கொண்டு வன்கொடுமை எந்த மாநிலத்தில் அதிகம் என்று முடிவு செய்ய இயலுமா?’ என்று வினா வந்தால், விடை ‘தரவுகள் போதா’ என்பதாகும். நம் ஆர்ப்பாட்டத் துண்டறிக்கைகளும் சில நேரங்களில் இந்த வினாவில் தோற்றிருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் மாணவர்கள் அதிகம் கவனிக்காத பணி ஒன்று இதே தேர்வில் இருக்கிறது: இளநிலைப் புள்ளியியல் அலுவலர். பட்டப்படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்தவர்களும், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 விழுக்காடு பெற்ற பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். அதற்கெனப் புள்ளியியலில் மட்டும் 100 வினாக்கள், 200 மதிப்பெண்ணுக்குத் தனித்தாள் உண்டு. நாட்டின் மாதிரி ஆய்வுகளுக்காக வீடு வீடாகச் சென்று சேகரிக்கப்படும் விவரங்கள் இத்தகைய அலுவலர்களின் கைகள் வழியாகவே கடந்து செல்கின்றன. எந்தத் தெரு மாதிரிக்குள் வந்தது, எந்த வீடு ‘பூட்டியிருந்தது’ என்று குறிக்கப்பட்டது என்பதெல்லாம் அங்கேதான் நடக்கிறது. சாதிவாரி விவரங்களையும் சேர்த்து எடுக்கவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் அட்டவணைகள் வெளிவரும் நாளில், 81.8 என்ற நம் கணக்கைப் புதிய எண்களால் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.