ஏட்டிலும் தொடரும் செவிலியம்

‘சிஸ்டர்’ என்று நோயாளர் ஒருவர் அழைத்தவுடன் திரும்பிப் பார்க்கும் முகம் செவிலியருடையது. காய்ச்சலின் அளவைக் குறிப்பதும், மருந்தை வேளை தவறாது கொடுப்பதும், அஞ்சி நிற்கும் உறவினருக்கு ஆறுதல் சொல்வதும் அவர் பணி. ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு அருகிலிருந்து பணிபுரிபவரையும் ஒரு கூறாக வைத்தார். செவிலியம் மருத்துவத்தின் துணைப்பகுதி அன்று, அதன் உறுப்பே என்பது இதனால் விளங்கும்.

இக்காலப் பெருமருத்துவமனைகளில் வேறொரு வகைச் செவிலியரும் பணிபுரிகின்றனர். அவர்கள்முன் நோயாளர் இல்லை. நோயாளர் குறிப்பேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மருந்து மாறிய நிகழ்வு, படுக்கையிலிருந்து தவறி விழுந்த நிகழ்வு, அறுவைக்குப்பின் சீழ் பிடித்த புண், எதிர்பாராத இறப்பு ஆகிய ஒவ்வொன்றையும் எடுத்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது, மீண்டும் நடவாமல் காப்பது எவ்வாறு என ஆராய்வதே அவர்களது பணி. இதனை மருத்துவத் தர ஆய்வு என்பர். ஊசி போடாமலும் கட்டு மாற்றாமலும் மேசைமுன் அமர்ந்திருப்பவரைச் செவிலியர் என்று சொல்லலாமா எனச் சிலர் வினவுவதுண்டு. சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வார்டில் பணிபுரியும் செவிலியர் இன்றைய நோயாளரைக் காக்கிறார். ஏட்டை ஆராயும் செவிலியர் நாளை வரப்போகும் நோயாளரைக் காக்கிறார்.

குறிப்பேடு சொல்வதும் சொல்லாததும்

இடுப்பெலும்பு முறிந்து எழ இயலாமல் படுத்திருக்கும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்திருந்தால் உடலின் எடை அழுத்தி, அவ்விடத்தில் குருதியோட்டம் தடைப்படும். தோல் சிவந்து, பின்னர்ப் புண்ணாகும். இதுவே படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது வழக்கமான காப்புமுறை. ஒன்பதாம் நாள் அவருடைய கீழ்முதுகில் புண் காணப்படுகிறது. குறிப்பேடு ஆய்வுக்கு வருகிறது.

இரவு 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி, 6 மணி என ஒவ்வொரு வேளையும் ‘புரட்டிப் படுக்கவைக்கப்பட்டார்’ என்ற குறிப்பு உள்ளது. கட்டங்களை மட்டும் சரிபார்ப்பவர், எல்லாம் நிறைவாக உள்ளது என்று கையெழுத்திட்டுவிடுவார். இரவுப்பணி பார்த்துப் பழகிய செவிலியர் அங்கே நின்றுவிடுகிறார். ஐந்து குறிப்புகளும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்டவைபோல் தோன்றுகின்றன. ஓடியாடிப் பணிபுரிபவரின் கையெழுத்து நள்ளிரவில் இவ்வாறு அமைவது அரிது. பணி முடியும் விடியற்பொழுதில் மொத்தமாக எழுதப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் அவருக்கு எழுகிறது.

இவ்விடத்தில்தான் தர ஆய்வு இருவழியாகப் பிரிகிறது. ‘பொய் எழுதியவர் யார்?’ என்று கேட்பது ஒரு வழி. ‘பொய் எழுதும் நிலை ஏன் வந்தது?’ என்று கேட்பது மற்றொரு வழி. தேர்ந்த செவிலியர் இரண்டாம் வழியில் செல்கிறார். வருகைப் பதிவேட்டையும், அன்றிரவு சேர்க்கப்பட்டோர் பட்டியலையும் எடுத்துப் பார்க்கிறார். நாற்பது படுக்கைகளுக்கு ஒரே செவிலியர். நள்ளிரவுக்குப்பின் அடுத்தடுத்து மூன்று அவசர நோயாளர். புரட்டிவிட உதவிக்கு ஆள் இல்லை. உடல் கனத்த முதியவரைத் தனியொருவர் புரட்டுவது எளிதன்று. செய்ய இயலாத கடமை ஒன்று ஏட்டில் மட்டும் செய்யப்பட்டிருக்கிறது.

அச்செவிலியரைத் தண்டித்தால் என்ன நேரும்? அடுத்த இரவில் குறிப்புகள் இன்னும் திறமையாக, வெவ்வேறு மையில் எழுதப்படும், புண் குறையாது. இரவுப்பணிக்கு இன்னும் ஒருவரை அமர்த்தினால் புண் குறையும். நோயையும் அதன் காரணத்தையும் கண்டு, தணிக்கும் வழியறிந்து செயல்பட வேண்டும் என்பது மருத்துவருக்கு வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறியை மருத்துவமனை என்னும் உடலுக்கும் பொருத்திப் பார்ப்பதே தர ஆய்வு.

விளக்கும் கணக்கும்

இப்பணி புதியதன்று. நவீனச் செவிலியத்தின் முன்னோடியான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலிடமே இதன் தொடக்கத்தைக் காணலாம். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த பிரித்தானியப் படை மருத்துவமனைக்கு அவர் சென்றார். இரவில் கைவிளக்கேந்திப் படுக்கைகளிடையே நடந்த அவரது உருவத்தை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் கையில் இருந்த கணக்கேட்டை உலகம் பெரும்பாலும் மறந்துவிட்டது.

அங்கு 1855 பிப்ரவரியில் இறப்பு விகிதம் நூற்றுக்கு ஏறத்தாழ 42 ஆக இருந்தது. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுநீர் வழிகளைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்தைச் சீர்ப்படுத்தினர். ஜூன் மாதத்தில் அவ்விகிதம் நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. போர் முடிந்து தாயகம் திரும்பிய நைட்டிங்கேல், புள்ளியியலறிஞர் வில்லியம் ஃபார் என்பவரின் துணையோடு இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். 1858இல் அவர் வெளியிட்ட வட்டவடிவ விளக்கப்படங்களில், தடுக்கத்தக்க நோய்களால் நேர்ந்த இறப்புகள் நீல நிறத்திலும், போர்க்காயத்தால் நேர்ந்தவை சிவப்பிலும், பிற காரணத்தால் நேர்ந்தவை கருப்பிலும் காட்டப்பட்டன. நீலமே மிகுந்திருந்தது. பகைவரின் குண்டைவிடத் தூய்மையின்மையே வீரர் பலரைக் கொன்றது என்பதை அப்படம் ஒரு பார்வையில் உணர்த்தியது. அதே ஆண்டில் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1860இல், மருத்துவமனைகள் அனைத்தும் ஒரே முறையில் கணக்கு வைக்க வேண்டும் என்ற அவரது திட்டம் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின்முன் வைக்கப்பட்டது.

படுக்கையருகே நின்றவர் என்பதால்தான், எதைக் கணக்கிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இறப்புக்குப் பின்னும் கேட்கப்படும் வினாக்கள்

இத்தகைய ஆய்வின் பயனைத் தமிழ்நாடும் கண்டிருக்கிறது. பேறுகாலத்தில் தாய் ஒருவர் இறந்தால், அவ்விறப்பை ஆராயும் முறை இங்கு 1990களில் தொடங்கியது. மருத்துவமனைக் குறிப்புகளைப் பார்ப்பதோடு இவ்வாய்வு முடிவதில்லை. இறந்தவரின் வீட்டுக்கே சென்று, குடும்பத்தாரிடம் நடந்ததைக் கேட்டறிவதும் இதன் பகுதியாகும். மூன்று காலத்தாழ்வுகள் இதில் ஆராயப்படுகின்றன: மருத்துவ உதவி தேட முடிவெடுப்பதில் நேர்ந்த தாழ்வு, மருத்துவமனையை அடைவதில் நேர்ந்த தாழ்வு, அடைந்த பின்னர் உரிய மருத்துவம் கிடைப்பதில் நேர்ந்த தாழ்வு.

‘குருதிப்போக்கால் இறந்தார்’ என்பது மருத்துவக் காரணம். ஊர்தி கிடைக்கவில்லை, வந்த இடத்தில் குருதி இருப்பில் இல்லை, வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பதில் இரண்டு மணி நேரம் கழிந்தது என்பன அதற்குப் பின்னுள்ள காரணங்கள். அந்தத் தாயைக் கருவுற்ற நாள்முதல் அறிந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் போன்றோரின் அறிவு இங்கே இன்றியமையாதது. 2001-03 காலகட்டத்தில் தமிழ்நாட்டில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம், 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு, அவசர ஊர்தி, குருதி வங்கி எனப் பல முயற்சிகளின் கூட்டுப்பயன் இது. எந்த முயற்சி எங்கே தேவை என்பதைக் காட்டும் வழிகளுள் ஒன்றாக இறப்பாய்வு விளங்கியது.

நிறுத்தச் சொல்லும் உரிமை

ஆய்வின் முடிவு ஏட்டிலேயே தங்கிவிட்டால் பயனில்லை; அது நடைமுறையாக மாற வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இதற்குச் சான்று. மயக்கமருந்து கொடுக்கும்முன், கத்தி வைக்கும்முன், நோயாளர் அறுவை அரங்கைவிட்டு நீங்கும்முன் என மூன்று வேளைகளில் 19 செய்திகளை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் முறை அது. தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் செய்து பார்த்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு நூற்றுக்கு 1.5 என்ற நிலையிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. இம்முடிவு 2009இல் வெளியாயிற்று.

பஞ்சும் துணியும் கருவிகளும் எண்ணிக்கையில் சரியாக உள்ளனவா என்று சொல்வது செவிலியரின் பொறுப்பு. எண்ணிக்கை குறைந்தால், ‘பொறுங்கள், ஒன்று குறைகிறது’ என்று மூத்த மருத்துவரிடமும் அவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் துணிவும், சொன்னால் கேட்கும் பண்பும் ஒருங்கே அமைந்த அரங்கில்தான் பட்டியல் உயிர்காக்கும். ஏனைய இடங்களில் அது வெறும் தாளே.

மறுப்பும் விடையும்

படுக்கையருகே நிற்கவே செவிலியர் போதாத நாட்டில், அனுபவமிக்க ஒருவரை மேசைக்கு அனுப்புவது வீண் என்பது ஒரு மறுப்பு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் எங்கே, எந்த வேளையில், எத்தனை பேர் குறைகின்றனர் என்பதைச் சான்றோடு காட்டுபவர் இல்லாவிடில், ஆள் பற்றாக்குறை முறையீடாகவே நின்றுவிடும். குறிப்பேட்டிலிருந்து அதைக் கணக்காக எடுத்துவைப்பவர் ஆய்வுச் செவிலியர்.

தர ஆய்வு என்ற பெயரில் எழுத்துவேலை பெருகி, நோயாளரைப் பார்க்கும் நேரம் சுருங்குகிறது என்பது மற்றொரு மறுப்பு. இது முற்றிலும் ஏற்கத்தக்கது. எவருக்கும் பயன்படாத கட்டங்களை நிரப்பச் சொல்லும் ஆய்வு, தான் தேடும் குறையைத் தானே உண்டாக்குகிறது. ஆகவே ஆய்வுச் செவிலியர் வார்டோடு உறவு அறாதவராக இருத்தல் வேண்டும். எந்தப் படிவம் தேவை, எது வீண் என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருத்தல் வேண்டும். தவற்றைத் தாமே முன்வந்து சொல்பவர் தண்டிக்கப்படமாட்டார் என்ற உறுதியை மருத்துவமனை தர வேண்டும். வேண்டுமென்றே செய்யும் தீங்கும் தொடரும் அலட்சியமும் வேறு. களைப்பாலும் குழப்பத்தாலும் நேரும் பிழை வேறு. இவ்வேறுபாட்டை அறியாத ஆய்வு, அச்சத்தை வளர்க்கும். அச்சம் வளரும் இடத்தில் உண்மை ஏட்டில் ஏறாது.

செவிலியப் படிப்பை நாடும் இளையோர், பரிவோடு கணக்கறிவையும், கையின் திறத்தோடு வினவும் மனத்தையும் வளர்த்துக்கொள்ளல் நலம். முதியவரின் குறிப்பேட்டை மூடிய செவிலியர் எழுதும் பரிந்துரை ஒரே வரிதான்: அந்த வார்டின் இரவுப்பணிக்கு இன்னும் ஒருவர் தேவை. அவ்வரி நிறைவேறினால், பெயரறியாத யாரோ ஒருவரின் முதுகு புண்ணின்றி இருக்கும். அதற்குக் காரணமானவர் யாரென்று அவர் அறியப்போவதில்லை. ஆயினும் அவருக்கும் ஒரு செவிலியர் பணிபுரிந்திருக்கிறார்.