கரு வைத்த பிறகு வலித்தால் மாத்திரை போடலாம்

ஐவிஎஃப் சிகிச்சையில் கருவை உள்ளே வைத்து வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து கரு தங்கியதா என்று பார்க்கும் ‘பீட்டா’ ரத்தப் பரிசோதனை வரை பெரும்பாலும் 9 முதல் 14 நாட்கள். அந்த நாட்களுக்கு நம் ஊரில் அறிவுரைப் பஞ்சம் கிடையாது. பப்பாளி ஆகாது, அன்னாசி ஆகாது, மாடிப்படி ஏறாதே, ஆட்டோவில் போகாதே. மருத்துவமனையில் தரும் தாளும் ஏறக்குறைய இதே தொனிதான்: கனம் தூக்கக் கூடாது, தாம்பத்திய உறவு கூடாது, ஊசியைத் தவறவிடக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்ணுக்கு அந்த நாட்களில் பெரிய தொல்லை வலி. வலித்தால் எந்த மாத்திரை, எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று, எப்போது போன் செய்வது என்று அந்தத் தாளில் எழுதியிருந்து நான் பார்த்தது குறைவு.

அண்மையில் வந்த ஒரு பெண், நாற்காலியில் உட்காராமல் மேசையைப் பிடித்துக்கொண்டே நின்றார். உட்கார்ந்தால் ஆசனவாய்ப் பக்கம் குத்துகிறதாம். கைப்பையில் பாராசிட்டமால் அட்டை பிரிக்காமல் இருந்தது. “மாத்திரை போட்டா கரு ஒட்டாதுன்னு சொன்னாங்க டாக்டர். கொஞ்ச நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம்னு…” என்றார். கூட வந்த மாமியார் கெட்டவர் அல்ல. மருமகளுக்கு வெந்நீர் பிளாஸ்க் தூக்கிக்கொண்டு வந்தவர். அவரும் சொன்னது இதுதான்: “புள்ள வேணும்னா தாங்கித்தானேம்மா ஆகணும்?”

தாங்க வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். மாதவிலக்கு வலியைப் பள்ளி நாளிலிருந்து ‘எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்று தட்டிக்கழித்த பழக்கம்தான் இங்கும் தொடர்கிறது. கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு சினைப்பை, குடல், இடுப்புக்குழியின் உள்சவ்வு என்று வெளியே ஒட்டி வளரும் நோய்தான் எண்டோமெட்ரியோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. முதல் வலிக்கும் நோய் இன்னதென்று தெரிவதற்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பலருக்கு, குழந்தை தங்கவில்லை என்று ஸ்கேன் எடுக்கும்போதுதான் இந்த நோயால் சினைப்பையில் வரும் ‘சாக்லேட் கட்டி’ என்ற சொல்லே காதில் விழுகிறது.

கரு வைத்த நாட்களில் வலி ஏன் கூடுகிறது? வலியை அடக்கிவைத்திருந்த டைனோஜெஸ்ட் மாத்திரையை ஐவிஎஃப்புக்காக நிறுத்தியிருப்போம். கருப்பைப் படலம் தடிக்க ஈஸ்ட்ரோஜன் கொடுத்திருப்போம். இந்த நோய்க்குத் தீனியே ஈஸ்ட்ரோஜன்தான். முட்டை எடுத்த அதே சுற்றில் கரு வைத்திருந்தால் ஊசி குத்திய சினைப்பைகள் வீங்கியும் இருக்கும். இதற்கு மேல் புரோஜெஸ்ட்ரோன். அது குடலை மந்தப்படுத்தும். வயிறு உப்பும், மலம் இறுகும். குடல் ஏற்கெனவே சினைப்பையோடும் கருப்பையோடும் ஒட்டிப்போய்க் கிடப்பவர்களுக்கு, மலச்சிக்கல் வந்தாலே உள்ளுக்குள் பிடித்து இழுக்கும். முக்கவும் பயம், கரு விழுந்துவிடுமோ என்று. விழாது. கழிப்பறைக்குப் போவதாலோ தும்முவதாலோ கரு வெளியே வந்துவிடுவதில்லை. இந்த நாட்களில் நிறையத் தண்ணீரும் மருத்துவர் சொல்லும் மலமிளக்கியும் வலி மாத்திரைக்குச் சமம்.

மருந்து விஷயத்தில் குழப்பம் வரக் காரணம் உண்டு. இந்தப் பெண்கள் வருடக்கணக்கில் நம்பிவந்தது மெஃபனாமிக் அமிலத்தை, கடையில் மெஃப்டால் என்று கேட்டு வாங்குவதை. கரு ஒட்டுவதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. மெஃபனாமிக் அமிலம், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் அதன் உற்பத்தியைக் குறைப்பவை. ஆகவே காத்திருக்கும் நாட்களில் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறோம். தெரியாமல் ஒன்று போட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்று அழ வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் போதும். அந்தத் தடை எப்படியோ ‘வலி மாத்திரையே கூடாது’ என்று வீடு போய்ச் சேர்கிறது. பாராசிட்டமால் போடலாம். உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருக்காமல், மருத்துவர் சொன்ன இடைவெளியில் போட்டால்தான் அது வேலை செய்யும். பொதுவாக 24 மணி நேரத்துக்கு 4 கிராம் மேல்வரம்பு. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. அதற்கும் அடங்காவிட்டால் வலுவான மாத்திரையைச் சில நாட்களுக்கு மருத்துவர் எழுதித் தர முடியும். குறைந்த அளவு ஆஸ்பிரின் தந்திருந்தால் அது வேறு கணக்கு. அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வலிக்கென்று கூட்டவும் வேண்டாம்.

இளஞ்சூட்டு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி இடுப்புக்குக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாம். உடம்பு முழுக்கக் கொதிக்கிற நீராவிக் குளியல் வேண்டாம். படுத்தே கிடப்பது வலியைக் கூட்டத்தான் செய்யும். கரு வைத்த பின் படுக்கை ஓய்வால் பலன் இல்லை என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. நம் வீடுகள்தான் இன்னும் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை.

உடல் வலியைவிட ஆளைத் தின்பது அதற்குச் சொல்லும் அர்த்தம். இடப்பக்கம் சுருக்கென்றால் ‘ஒட்டுகிறது’. இடுப்பு கனத்தால் ‘பீரியட்ஸ் வரப்போகிறது’. வலி நின்றால் அதற்கும் பயம். மார்பு வலியும் உப்பசமும் அடிவயிற்றுப் பிடிப்பும் புரோஜெஸ்ட்ரோனாலும் வரும், கர்ப்பத்தாலும் வரும், எண்டோமெட்ரியோசிஸாலும் வரும். வலியை வைத்து முடிவைக் கணிக்க எந்த மருத்துவராலும் முடியாது. லேசாக உதிரம் பட்டாலும் தோல்வி உறுதியில்லை. பரிசோதனை முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது.

ஆனால் சில வலிகளுக்குக் காத்திருப்பு கூடாது. திடீரென ஒரு பக்கம் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். வயிறு வேகமாக ஊதி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் ஊசிகளால் சினைப்பை அதிகமாகத் தூண்டப்பட்டிருக்கலாம். காய்ச்சலோடு வலி என்றால், குறிப்பாகச் சாக்லேட் கட்டி உள்ளவர்களுக்கு, உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும்.

2021-ல் நிறைவேறிய செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், சிகிச்சையின் வெற்றி வாய்ப்பையும் பக்கவிளைவுகளையும் செலவையும் தம்பதிக்கு எடுத்துச் சொல்லி ஆலோசனை தரும் கடமையை மருத்துவமனைகளுக்கு விதித்திருக்கிறது. நடைமுறையில் ஆலோசனை என்றால் கையெழுத்துப் படிவமும் கட்டண விவரமும் என்று சுருங்கிவிடுகிறது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவருக்குக் கரு வைக்கும் முன்பே, அவருடைய வலியின் போக்கைக் கேட்டு, அவருக்கென்று தனியாக ஒரு வலித் திட்டம் எழுதித் தர வேண்டும். அதைக் கணவருக்கும் மாமியாருக்கும் சேர்த்தே படித்துக் காட்ட வேண்டும். பத்து நிமிட வேலை.

முடிவு வரும் நாளுக்கும் அந்தத் திட்டத்தில் இடம் வேண்டும். பாசிட்டிவ் என்றால் மகிழ்ச்சியோடு எச்சரிக்கையும்: அடுத்த வாரங்களில் வலி வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். நெகட்டிவ் என்றால், மருந்தை நிறுத்திய சில நாட்களில் வரும் மாதவிலக்கு பலருக்கு வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கும். ‘சாரிம்மா, நெகட்டிவ்’ என்று போனில் சொல்லும் செவிலியர், ‘வழக்கமா போடுற மெஃப்டாலை இனிமே போட்டுக்கலாம்மா’ என்பதையும் அதே அழைப்பில் சொல்லிவிட வேண்டும்.

- கட்டுரையாளர், மகளிர் நோய் மற்றும் குழந்தையின்மை சிகிச்சை மருத்துவர்.